சமையலறைச் சுவரில் சித்தப்பாவின் மழை

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் சோப்பு டப்பா ஒன்றுக்குள் ஒரு சின்ன எல்சிடி திரை இருந்தது. பின்னால் ஈஎஸ்பி8266 என்ற, வைஃபை உள்ள ஒரு சின்ன மின்னணுப் பலகை. சென்னை மழையைப் பற்றி எழுதும் நான்கைந்து பேரின் இடுகைகளை ஒரு சமூக வலைத்தளத்திலிருந்து எடுத்து வரிசையாகக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மாடிக்குப் போய்த் துணி எடுப்பார்.

2023இல் அந்த வலைத்தளம், வெளி நிரல்களுக்கு இலவசமாகத் திறந்து வைத்திருந்த வாசலை மூடியது. பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று என் நிரலில் நான் எழுதவே இல்லை. அதனால் திரை அணையவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. கடைசியாக வந்த "மாலையில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு" அப்படியே நின்றுவிட்டது. பங்குனி வெயிலில் அம்மா மூன்று நாள் ஈரத்துணியை எடுத்து உள்ளே போட்டார். நான்காம் நாள், "உன் டப்பா பொய் சொல்லுதுடா" என்றார்.

இணையத்தை நம்பிப் பிழைக்கும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். 2005இல் பிரான்சில் வந்த நபாஸ்டாக் என்ற வைஃபை முயல் பொம்மை, காதை ஆட்டி மின்னஞ்சல் வந்ததைச் சொல்லும். 2011இல் அதன் சர்வரை நிறுத்தியதும் வெறும் பொம்மையானது. பெப்பிள் கைக்கடிகாரத்தை ஃபிட்பிட் வாங்கி, 2018இல் அதன் சேவைகள் நின்றபோது, ரெபிள் என்ற ரசிகர் குழு மாற்றுச் சர்வர் நடத்தித்தான் அவற்றை ஓட வைத்தது. சேவைகளின் பட்டியலோ இன்னும் நீளம்: 2014 செப்டம்பரில் ஆர்குட், 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ், தமிழ் உட்பட நம் மொழிகளையே நம்பி வந்த கூ 2024 ஜூலையில். ஆர்குட்டில் நண்பர்கள் எழுதியதை நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார்கள், எனக்குச் சோம்பேறித்தனம்.

ஆகவே இந்த முறை சுவரில் இருக்கும் திரையை மட்டுமல்ல, அதற்குச் செய்தி கொடுக்கும் இடத்தையும் நானே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இரண்டு வார இறுதிகளில் முடியும் என்று கணக்குப் போட்டேன். நான்கு மாதம் ஆனது.

சர்வர்

கையில் ஏற்கெனவே இருந்தது 4 கிகாபைட் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கையளவுக் கணினி. சமூக வலைத்தள சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் பேசும் சர்வர் ஒன்று வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அது 2018 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாகவே வந்துவிட்டது. மாஸ்டடான், பிக்சல்ஃபெட் போன்ற சமூக வலைத்தள மென்பொருள்கள் எல்லாம் அதில்தான் பேசுகின்றன. ஒரு நிறுவனம் போனாலும் நெறிமுறை போகாது.

மாஸ்டடானையே நிறுவலாம்தான். ஆனால் அதற்கு ரூபி ஆன் ரெயில்ஸ், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், சைட்கிக் என்று ஒரு கூட்டுக்குடும்பமே கூட வரும். வீட்டில் நான்கு பேருக்கு அது கல்யாண மண்டபம். கோடுசோஷியல் என்ற இன்னொன்று இருக்கிறது. கோ மொழியில் எழுதியது, ஒரே ஒரு இயங்கு கோப்பு, தரவுக்கு எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் போதும். எழுதவும் படிக்கவும் தனி முகப்பு கிடையாது. மாஸ்டடானுக்காக எழுதிய செயலிகளைக் கொண்டே நுழையலாம். ஆண்ட்ராய்டில் டஸ்கி என்ற செயலி நன்றாக ஒத்துப்போகிறது.

டொமைன் பெயரில் ஒரு சாயங்காலம் போனது. தமிழிலேயே, .இந்தியா என்று முடியும் பெயர் வாங்கலாம் என்று ஆசை. வாங்கலாம், வேலையும் செய்யும். ஆனால் உள்ளே அது எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் புரியாத எழுத்துச் சரமாகத்தான் பயணம் செய்கிறது. சில செயலிகள் அதை அப்படியே காட்டிவிடும். பயனர் பெயரும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். தமிழில் வைக்க முடிந்தது காட்சிப் பெயரை மட்டுமே. சித்தப்பாவுக்கு முகவரியைத் தொலைபேசியில் சொல்ல வேண்டிய நிலையை நினைத்துப் பார்த்து, சின்னதாக ஓர் ஆங்கிலப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். ஒன்று மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: வெளி சர்வர்களோடு பேசத் தொடங்கிய பிறகு டொமைனை மாற்ற முடியாது. இது வீட்டுக்குப் பெயர் வைப்பது போல அல்ல, குழந்தைக்குப் பெயர் வைப்பது போல.

(நடுவில் ஒரு நாள், அதே டொமைனை ப்ளூஸ்கை என்ற சமூக வலைத்தளத்தில் என் பெயராகவும் வைத்துப் பார்த்தேன். டொமைனின் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரி சேர்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. அங்கேயே நின்றிருந்தால் இந்தப் பதிவு இங்கே முடிந்திருக்கும். ஆனால் அங்கேயும் என் இடுகைகள் இருப்பது இன்னொருவர் கணினியில்தான்.)

நிறுவுவது எளிது. கோப்பை இறக்கி, அமைப்புக் கோப்பில் பெயரை எழுதி, கட்டளை வரியில் ஒரு கணக்கு உருவாக்கினால் ஓடத் தொடங்கிவிடுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு என் முதல் இடுகையை வீட்டு வைஃபையில் பார்த்தேன். மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பார்த்தால் ஒன்றுமில்லை.

காரணம் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே தெரிந்தது. அதற்குக் கிடைத்த ஐபி முகவரி 100.64இல் தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்பவை. நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு வெளியே ஒரே பொது முகவரி. அபார்ட்மென்ட் வாசலில் ஒரே தபால் பெட்டி இருப்பது போல. வீட்டிலிருந்து கடிதம் போகும், பதிலும் வரும், ஆனால் முன்பின் தெரியாதவர் எழுதும் கடிதம் என் கதவுக்கு வராது. நிலையான ஐபி கேட்டால் மாதக் கட்டணம் தனி. ஐபி பதிப்பு 6இல் நேரடி முகவரி கிடைத்தது, ஆனால் வெளியே இருக்கும் எல்லா சர்வருக்கும் அந்தப் பாதை இல்லை.

வெளியிலிருந்து வீட்டு சர்வருக்கு வழி விடும் கிளவுட்ஃபிளேர் சுரங்கம் இலவசம், பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மறையாக்கம் அவர்கள் கணினியில் அவிழ்ந்து பிறகுதான் என் வீட்டுக்கு வரும் என்பது எனக்கு ஒப்பவில்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்தேன். அதற்கும் வீட்டு ராஸ்பெர்ரி பைக்கும் நடுவே வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கம், வாசலில் வருபவர்களை உள்ளே அனுப்பும் கேடி என்ற மென்பொருள். "வாடகை சர்வர்தான் எடுத்துட்டியே, எல்லாத்தையும் அதிலேயே வைக்க வேண்டியதுதானே?" என்று அலுவலகத்தில் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நான் பேச்சை மாற்றினேன்.

இங்கே இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, வாடகை சர்வரின் சுரங்க முகவரியை, நம்பத்தக்க இடைநிலை சர்வர் என்று கோடுசோஷியலுக்குச் சொல்ல மறந்தது. அதன் பார்வையில் உலகம் முழுவதும் ஒரே முகவரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரே ஆள் ஓயாமல் தட்டுகிறான் என்று நினைத்து என்னையே வெளியே நிறுத்திவிட்டது. ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

இன்னொன்று மூன்று நாள் எடுத்தது. எழுத்து வரும், சின்னப் படம் வரும், பெரிய படம் பாதியில் தொங்கும். கோடுசோஷியலைத் திட்டினேன், கேடியைத் திட்டினேன். இரண்டுமே இல்லை. வயர்கார்டு தன் தரவுப் பொட்டலத்தை 1420 பைட்டுக்கு வைத்துக்கொள்கிறது. அதன்மேல் ஐபி பதிப்பு 6இன் உறையைச் சுற்றினால் 80 பைட் கூடி 1500. என் வீட்டு ஃபைபர் இணைப்போ பிபிபிஓஈ என்ற வகை, அதில் 1492க்கு மேல் நுழையாது. எட்டு பைட்! சின்ன பொட்டலங்கள் தாராளமாகப் போய்விடுவதால் பழுது இருப்பதே தெரியவில்லை. 1492இல் 80 கழித்தால் 1412. அந்த எண்ணை இரண்டு பக்கமும் எழுதினேன். தொங்கிக்கொண்டிருந்த படம் கண் முன்னால் விழுந்தது. எழுத்து போய், படம் மட்டும் நிற்கிறது என்றால் முதலில் பொட்டல அளவைப் பாருங்கள்.

மின்சாரம்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள். காலை ஒன்பது மணிக்குப் போனது, இரண்டு மணிக்கு வந்தது. சாயங்காலம் சர்வரின் பதிவேட்டைப் பார்த்தால், மின்சாரம் போகவே இல்லை. ஒன்பது மணிக்குப் பக்கத்தில் ஒரு வரி, அதற்கு அடுத்த வரியும் ஒன்பது மணிக்குப் பக்கத்திலேயே. ஐந்து மணி நேரத்தைக் காணோம். பை 4இல் கடிகாரச் சில்லு கிடையாது. அணைவதற்கு முன் எங்கேயோ எழுதி வைத்த நேரத்தை நினைவு வைத்துக்கொண்டு எழுகிறது, பிறகு இணையம் வந்ததும் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. பை அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் கண் விழிக்க மூன்று நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் என் சர்வர் பழைய நேரத்தில் வாழ்கிறது. இந்த வகை சர்வர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் கோரிக்கைகளில் கையெழுத்தோடு நேரமும் இருக்கும் என்பதால் இதை அப்படியே விட மனமில்லை.

ரிச்சி தெருவில் டிஎஸ்3231 கடிகாரச் சில்லுப் பலகை வாங்கினேன். பையின் முனைகளில் நேராகச் செருகிக்கொள்ளும் பொடி வகை: 1, 3, 5, 7, 9 என்று உள்வரிசையில் முதல் ஐந்து. பட்டன் பேட்டரி வைக்கும் பெரிய நீலப் பலகையும் கிடைக்கும். அதில் பேட்டரியை ரீசார்ஜ் செய்யும் சுற்று இருக்கிறது, சாதாரண சிஆர்2032 போட்டு 5 வோல்ட்டில் ஓட்டினால் பேட்டரி வீங்கும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, நான் ஏற்கெனவே ஒன்றை வீங்க வைத்திருந்ததால் தெரியும். சர்வர் சேவையும் நேரம் சரியான பிறகே எழ வேண்டும் என்று, சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியில் ஒரு வரி சேர்த்தேன்.

அடுத்த மாத மின்தடையில் மெமரி கார்டு போய்விட்டது.

போனது என்றால், பை எழவே இல்லை. கார்டை லேப்டாப்பில் செருகினால் வெற்று. எஸ்க்யூலைட் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் பிடுங்கப்பட்டிருக்க வேண்டும். இதெல்லாம் முன்பே தெரிந்த விஷயம்தான். "ஒரு மாதம் ஓடட்டும், பிறகு எஸ்எஸ்டி வாங்கலாம்" என்று இருந்தேன். ஓடியது, சரியாக ஒரு மாதம்.

படங்கள் போனது கூடப் பெரிதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சாவி ஜோடி தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. அதன் பொதுச் சாவியை மற்ற சர்வர்கள் எடுத்து வைத்திருக்கும். அதே டொமைனில் அதே பெயரில் புதிதாகத் தொடங்கினால், புதுச் சாவியோடு வரும் என்னை அவை போலி என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு. நான் பின்தொடர்ந்தது முப்பது பேரைத்தான் என்பதால், துணை டொமைனை மாற்றி, வீட்டை விட்டு வெளியேறியவன் போலப் புதிதாகத் தொடங்கினேன். இப்போது தினமும் விடிகாலை மூன்று மணிக்குத் தரவுத்தளத்தின் பிரதி ஒன்று வாடகை சர்வருக்குப் போகிறது. கோப்பை வெறுமனே நகலெடுக்காமல், எஸ்க்யூலைட்டின் சொந்த காப்புக் கட்டளையால்தான் எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை நகலெடுத்தால் பாதி எழுதியது வரலாம்.

எஸ்எஸ்டியை யூஎஸ்பியில் மாட்டியதும் புதிய தலைவலி. நாளுக்கு இரண்டு முறை டிஸ்க் காணாமல் போனது. பையிடம் மின் நிலவரம் கேட்டால் 5, 0, 0, 0, 5 என்று ஒரு ஹெக்ஸ் எண் சொன்னது. கடைசி 5, இப்போது மின்னழுத்தம் குறைவு, அதனால் வேகத்தைக் குறைத்திருக்கிறேன் என்கிறது. முதல் 5, இதற்கு முன்பும் அப்படி ஆனது என்கிறது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை இப்படிப் புலம்பும். சார்ஜரில் 5 வோல்ட் 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. சார்ஜர் பொய் சொல்லியிருக்கலாம், அல்லது மெல்லிசான ஒயரிலேயே அழுத்தம் தின்றிருக்கலாம். ஆராயப் பொறுமையில்லாமல் ராஸ்பெர்ரி பையின் சொந்த 5.1 வோல்ட் அடாப்டரை வாங்கினேன். எண் பூஜ்யமானது.

மின்தடையே வராமல் பார்த்துக்கொள்ள எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இன்வெர்ட்டர் இருக்கேண்ணே, இது ஏன் அணையுது?"

"தம்பி, லைட், ஃபேன்தான் இன்வெர்ட்டர் லைன்ல. டிவி பக்கத்து பிளக் ஈபி லைன்ல இருக்கு."

ஒயரை மாற்றித் தந்தார். அப்போதும் மின்சாரம் மாறும் கணத்தில் பை மறுபடி தொடங்கியது. விளக்கு கண் சிமிட்டினால் நமக்குத் தெரியாது, பைக்குத் தெரியும். மறுநாள் வந்தவர் இன்வெர்ட்டரின் பின்பக்கம் கையை விட்டு ஒரு சின்ன ஸ்விட்சைத் தள்ளினார்.

"யூபிஎஸ் மோடு தம்பி. கம்ப்யூட்டர் இருக்கற வீட்ல இதுதான் போடணும். ஆறு வருஷமா யாரும் பாக்கலையா?"

பாக்கலை. சின்ன யூபிஎஸ் ஒன்றை ஆர்டர் செய்திருந்தேன், ரத்து செய்தேன்.

திரை

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். எல்சிடி வேண்டாம், மின்நூல் படிக்கும் கருவிகளில் வரும் மின்தாள் திரைதான் என்று முதலிலேயே முடிவு. சமையலறையில் வெளிச்சம் கக்காது, காகிதம் போல இருக்கும், படம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் கேட்கும். முதலில் 2.13 அங்குலம் வாங்கினேன். 250க்கு 122 புள்ளிகள். ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் "எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதினால் அந்த ஒரு சொல்லே திரையைத் தாண்டுகிறது. அதை இழுப்பறையில் போட்டுவிட்டு 4.2 அங்குலம் வாங்கினேன், 400க்கு 300. பழைய பலகையைப் போலவே வைஃபை உள்ள ஓர் ஈஎஸ்பி32 பலகையோடு எட்டு ஒயர்கள். பிஸி என்ற ஒயர் சரியாக உட்காராததால், முதல் இரவு திரை எதற்கும் மசியவில்லை. இந்தத் திரைகள் "நான் இன்னும் வரைந்துகொண்டிருக்கிறேன்" என்று அந்த ஒயரில்தான் சொல்லும். அது கழன்றிருந்தால் நிரல் காத்துக்கொண்டே இருக்கும். சால்டர் வைத்தேன், தீர்ந்தது.

அப்புறம் தமிழ். ஈஎஸ்பி32க்கான எழுத்து நூலகங்களில் யூனிகோட் படிப்பவை உண்டு. ஒரு தமிழ் எழுத்துருவைப் புள்ளி வடிவமாக மாற்றி ஏற்றினேன். திரையில் எழுத்து வந்தது. அம்மா கிட்டே போய்ப் பார்த்தார்.

"என்னடா, ஒண்ணாங்கிளாஸ் பையன் எழுதின மாதிரி இருக்கு?"

புள்ளிகள் எழுத்தின் தலையில் ஏறாமல் பக்கத்தில் நின்றன. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் வந்தன. 'தேங்காய்' என்பதில் முதலில் 'த', அப்புறம் கொம்பு. ஒகர எழுத்துகளில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றன. யூனிகோடில் எழுத்து சேமிக்கப்படும் வரிசை வேறு, கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு. 'தே' என்பதில் 'த' முதலில், உயிர்க்குறி பிறகு. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது, 'கொ'வைப் பிரித்து இரண்டு பக்கமும் நிறுத்துவது, 'கு', 'து', 'று' ஒவ்வொன்றுக்கும் அதற்கான வடிவத்தை எடுப்பது எல்லாம் வடிவமைப்பு நிரலின் வேலை. போனிலும் கணினியிலும் அது நமக்குத் தெரியாமல் நடக்கிறது. சின்ன பலகையில் அது இல்லை. கொம்பை மட்டும் முன்னால் தள்ள நானே நாற்பது வரி எழுதினேன். உகரங்களில் வந்து நின்றதும் விட்டுவிட்டேன்.

செய்ய வேண்டியது தலைகீழ் என்பது அதற்கு அப்புறம்தான் உறைத்தது. பலகைக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பை முழுப் படத்தையும் வரைந்து கொடுக்கட்டும், பலகை புள்ளிகளை ஒட்டினால் போதும். 400 பெருக்கல் 300, ஒரு புள்ளிக்கு ஒரு பிட், மொத்தம் 15,000 பைட். போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பையில் பைத்தான் மொழி, படம் வரையும் பில்லோ நூலகம், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு. ஓட்டிப் பார்த்தால் மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ் பையன்! பில்லோவுக்குள் ராக்ம் என்ற பகுதி இருந்தால்தான் ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்பு நிரல் வழியாக எழுத்து சரியாகக் கோக்கப்படும். அது ஃப்ரிபிடி என்ற இன்னொரு நூலகத்தை ஓடும்போது தேடுகிறது. என் பையில் அது நிறுவப்படவில்லை. தேடிக் கிடைக்காவிட்டால் சத்தமே போடாமல் எளிய முறைக்கு இறங்கிவிடுகிறது. ஒரு சின்ன பொதியை நிறுவியதும் 'தேங்காய்' தேங்காயானது. தமிழில் வரைய பில்லோவைப் பயன்படுத்துகிறவர்கள், ராக்ம் இருக்கிறதா என்று முதல் வரியிலேயே கேட்டுவிடுங்கள்.

வரி உடைப்பதில் இன்னும் இரண்டு மாலைகள். எழுத்தை எண்ணி உடைக்கும் வழக்கமான முறை தமிழில் உதவாது. 'கொ' நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு. 'ஸ்ரீ' நான்கு. அதனால் ஒவ்வொரு சொல்லின் அகலத்தையும் எழுத்துருவிடமே புள்ளிக் கணக்கில் கேட்டுத்தான் வரியை முடிக்கிறேன். ஒரு சொல்லே வரியைவிட நீளம் என்றால் நடுவில் வெட்ட வேண்டும், புள்ளியோ காலோ அடுத்த வரிக்குத் தனியாகப் போய்விடாமல். அதற்கு எழுத்துக் கொத்துகளைப் பிரிக்கும் நூலகம் இருக்கிறது. அது 'க்ஷ'வை 'க்' என்றும் 'ஷ' என்றும் இரண்டாகத்தான் பார்க்கும், அதற்கு மட்டும் நானே விதிவிலக்கு எழுதினேன். இந்த ஊரில் 'லக்ஷ்மி' இல்லாத வீடு ஏது?

கடைசிச் சிக்கல் மெலிவு. கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம் என்பதால் எழுத்தின் சாம்பல் ஓரங்களை ஏதாவது ஒரு பக்கம் தள்ள வேண்டும். சரிபாதியில் வெட்டினால் 'ண', 'ன' சுழிகள் ஒன்றுபோலத் தெரிகின்றன. சற்றுத் தடித்த எழுத்துரு, 28 புள்ளி அளவு, வெட்டுக்கோடு (0 கறுப்பு, 255 வெள்ளை) 128க்குப் பதில் 170, இதில் நின்றேன். அம்மா கண்ணாடி போடாமல் அடுப்புப் பக்கத்திலிருந்து படிப்பதுதான் சோதனை. முதல் முறை திரையில் வந்தபோது எல்லாம் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. பில்லோவுக்கு 1 என்றால் வெள்ளை, திரை நிரலுக்கு 1 என்றால் மை. அது ஒரு நிமிட வேலை.

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா குழந்தையின் படம் போட்டால் அதையும் காட்டுகிறேன். படத்தை ஒரு பிட்டுக்கு மாற்றச் சொன்னாலே பில்லோ தானாகப் புள்ளி தூவிச் சாயல் கொண்டுவருகிறது, பழைய தினசரித்தாளில் வரும் புகைப்படம் மாதிரி. எழுத்துக்கு மட்டும் இதை விடக்கூடாது, பூசணம் பூத்தது போலாகிவிடும். படமும் எழுத்தும் தனித்தனியாக மாற்றி, பிறகு ஒட்ட வேண்டும்.

பேட்டரியில் ஓட்டும் ஆசை நிறைவேறவில்லை. ஈஎஸ்பி32 சில்லு ஆழ்ந்த தூக்கத்தில் மைக்ரோஆம்பியர் கணக்கில்தான் குடிக்கும் என்று ஆவணம் சொல்கிறது. ஆனால் நான் வாங்கிய மலிவுப் பலகையில் மின்னழுத்தச் சீராக்கியும், யூஎஸ்பி சில்லும், அணையாத சிவப்பு விளக்கும் சேர்ந்து தூங்கும்போதே 10 மில்லிஆம்பியர் குடித்தன. ஒரு நாளைக்கு 240. 2500 மில்லிஆம்பியர்-மணி திறனுள்ள 18650 பேட்டரி பத்து நாளில் காலி. இப்போதைக்கு மிக்சிக்குப் பக்கத்து பிளக்கில் ஒரு பழைய போன் சார்ஜரில் தொங்குகிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து பையிடம் படம் கேட்கும். அதைவிட அடிக்கடி மாற்றலாம்தான், ஆனால் இந்தத் திரைகளுக்கு இரண்டு மாற்றங்களுக்கு நடுவே மூன்று நிமிடமாவது விடச் சொல்கிறார்கள். மழை பதினைந்து நிமிடம் காத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

ஆட்கள்

சர்வர் இருக்கிறது, திரை இருக்கிறது. எழுத யார்? தனி ஆள் சர்வரில் ஒரு வெறுமை உண்டு. நீங்கள் பின்தொடர்பவர்களின் இடுகைகள் மட்டும்தான் வரும். பெரிய சர்வரில் இருப்பது போல, பக்கத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது காதில் விழாது. குறிச்சொல்லைத் தேடினால் காலி. ஒருவர் இடுகைக்கு இருபது பதில்கள் வந்திருந்தால் எனக்கு இரண்டு தெரியும். ஊர் வம்புக்காகச் சமூக வலைத்தளம் போகிறவர்களுக்கு இது சரிப்பட்டு வராது. எனக்கு மழை போதும்.

நாங்கள் நங்கநல்லூர். சித்தப்பா திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. வடகிழக்குப் பருவ மழையில் பல நாள் அங்கே தூறிவிட்டுத்தான் இங்கே வரும். அவர் போனில் டஸ்கியைப் போட்டுக் கொடுத்தேன்.

"இது ஃபேஸ்புக்காடா, வாட்ஸப்பா?"

"ரெண்டும் இல்ல சித்தப்பா. நம்ம வீட்டுது."

"யார் பார்ப்பா?"

"அம்மா."

"அப்ப போன்லயே சொல்லிடறேனே." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "அண்ணி அடுப்படியில இருந்தா போனை எடுக்கவே மாட்டா. சரி, கொடு."

இப்போது அவர்தான் எங்கள் வானிலை மையம். ஐப்பசி முழுக்க "தூறல்", "நின்னுடுச்சு", "மறுபடி", "கடல் பக்கம் கறுப்பா இருக்கு". எல்லாவற்றையும் பின்தொடர்பவருக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன். தன் இடுகை சமையலறையில் காகிதம் போலத் தொங்குவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தவர், அன்றிலிருந்து வானிலையோடு மீன் விலையும் எழுதுகிறார். நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை.

மின்தாள் எனக்கு ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வந்தது என்பதைக் கார்த்திகையில்தான் கண்டுபிடித்தேன். மின்சாரம் இல்லாவிட்டாலும் அதில் கடைசிப் படம் அழியாது. விற்பவர்கள் அதைச் சிறப்பு என்று சொல்வார்கள். மிக்சி பிளக் ஈபி லைனில் இருந்தது. மின்தடை வந்த அன்று திரை "நல்ல மழை" என்று காலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே சுள்ளென்று வெயில். பதில் வராவிட்டால் "தொடர்பு இல்லை" என்று வரைய இந்த முறை நிரல் எழுதியிருந்தேன், ஆனால் வரையவே மின்சாரம் வேண்டுமே. சோப்பு டப்பாவின் அதே பொய்.

எலக்ட்ரீஷியன் அண்ணனை மூன்றாம் முறை கூப்பிடக் கூச்சமாக இருந்தது. படத்தின் வலது கீழ் மூலையில் அது வரையப்பட்ட மணியைப் பெரிதாகப் போட்டேன். அடுத்த மின்தடையன்று அலுவலகத்திலிருந்து அம்மாவுக்கு போன் செய்து, திரையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"மழைன்னு போட்டிருக்கு. மணி எட்டே முக்கால்னு இருக்கு, இப்ப பதினொண்ணரை. துணியை நான் எடுக்கல."